ஓமந்தூராரின் பக்தியும் அரசாங்கமும்



எலெக்‌ஷன் வந்தால் நம் சபையில் சிலர் என்னிடம் வந்து, ஆண்டவரை அறிந்த ஒருத்தர் மந்திரியானா நாடே மாறிடுமேங்க பாஸ்டர் என்பார்கள். நானும் அப்படித்தான் ஜெபித்து வந்தேன். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வாழ்க்கையை வாசித்த பிறகு என் ஜெபம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல. நம் பத்திரிகையில் அவர் எதற்கு என்று கோபிக்காமல் வாசியுங்கள்.

1895-ல் திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காங்கிரஸ்காரர். வள்ளலார் வழியைப் பின்பற்றினவர். ரமண மகரிஷியிடமும் பக்தி உண்டு. 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைப்பார்கள். நம்ம திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார்தான் அவருடைய கல்வி மந்திரி.

அவர் தன் பக்தியைக் கோட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. தாழ்த்தப்பட்ட ஜனங்கள் கோயிலுக்குள் போக 1947-ல் சட்டம் வந்தது. பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் அதே வருஷம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடின காரியம் அது. சொந்த மதத்தின் குறையில்தான் முதலில் கை வைத்தார். அந்தக் காலத்தில் நம்மவர்களிலும் ஜாதிக்கொரு பெஞ்சு போட்ட ஆலயங்கள் இருந்தன. அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

அப்புறம் மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தது, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதற்கும் வந்தது. கள், சாராய வருமானம் போனாலும் போகட்டும் என்றார்கள். காந்தியின் கொள்கை, கட்சியின் கொள்கை எல்லாம் அதில் உண்டு. ஒன்றை மறைக்கக்கூடாது, கள்ளச்சாராயமும் காய்ச்சினார்கள். சட்டத்தால் மனுஷன் மனந்திரும்பிவிடுவதில்லை.

எனக்குப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. வள்ளலார் வழியில் புலால் கூடாது. ஆனாலும் ஊரார் கறி சாப்பிடக்கூடாது என்று ஓமந்தூரார் சட்டம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியையும் அவள் பிள்ளைகளையும் காக்கிற சட்டம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரன் யாரைக் கும்பிடலாம், எதைச் சாப்பிடலாம் என்று சொல்கிற சட்டம் இன்னொன்று. 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நான் வேதாகமக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மதம் மாற்றும் சடங்கு நடத்துகிறவர் கலெக்டருக்குத் தெரிவிக்கணும் என்றார்கள். ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று பயந்து உபவாசம் இருந்தோம். 2004-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். நாளைக்கு நம்ம ஆளே மந்திரியாகி, அந்த பயத்தை மற்றவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தால்? விசுவாசியான மந்திரி வேண்டும் என்று ஜெபித்த நாட்களில் இதை நான் யோசித்ததேயில்லை.

சிபாரிசுக்கு இணங்காத ஓமந்தூராரைச் சொந்தக் கட்சிக்காரர்களுக்கே பிடிக்கவில்லை. 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். வடலூருக்குப் போய், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதி, பள்ளிக்கூடம் என்று இருந்துவிட்டார். 1970-ல் காலமானார்.

மறு வருஷமே மதுவிலக்கைத் தள்ளி வைத்தார்கள். பிறகு திரும்ப வந்து, 1981-ல் மறுபடி போனது. இப்போது கடையை அரசாங்கமே நடத்துகிறது. சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் போட்ட ராத்திரி, ஜெபக்கூட்டத்தில் சகோதரிகள் எழுதித் தருகிற விண்ணப்பச் சீட்டுகளில் பாதிக்குமேல் வீட்டுக்காரரின் குடியைப் பற்றித்தான்.