நின்றுபோன கடிகாரம்: நான்ஸென் சரித்திரம்

பெரியோர் சரித்திரங்களைப் படிக்கும்பொழுது நாம் அவர்தம் வெற்றிகளையே நோக்குகின்றோம். அவர்கள் செய்த பிழைகளையும், பிழை நேர்ந்தபின் ஒழுகிய விதத்தையும் ஆராய்வதில்லை. பின்னதே மாணாக்கருக்கு மிக்க பயன் தருவது. நார்வே தேசத்து பிரிட்ஜாப் நான்ஸென் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் 1861-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி, இன்று ஆஸ்லோ எனப்படும் நகரத்தையடுத்துப் பிறந்தார். இளமையிலேயே காடுகளில் வேட்டையாடியும், பனிச்சறுக்குப் பலகைகளில் நெடுந்தூரம் சென்றும் உடலை உரம்பெறச் செய்தார். பிராணி சாஸ்திரம் பயின்றபின், 1888-ல் ஐந்து தோழருடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்து புகழெய்தினார்.

1893-ல் பிராம் என்னும் கப்பலில் வடகடல் புகுந்து, அதனைப் பனியில் உறையவிட்டு நீரோட்டத்தோடு மிதந்து சென்றார். கப்பல் துருவத்தை அணுகாதெனக் கண்டு, 1895 மார்ச்சு 14-ந் தேதி ஜோஹான்ஸென் என்னும் ஒரே துணைவருடன், 28 நாய்களும் 3 சறுக்கு வண்டிகளும் 2 சிறு படகுகளும் கொண்டு புறப்பட்டார். ஏப்ரலில் வட அட்சரேகை 86 பாகையைக் கடந்தார். அதற்குமுன் அத்துணை வடக்கே சென்றார் எவருமிலர். பனிமேடுகள் தடுக்கவே, தெற்கு நோக்கித் திரும்பினார்.

சில நாட்களில் நெடுநடையாற் களைத்த இருவரும் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்தனர், இரண்டும் நின்றுபோயின. இஃது அற்பமன்று. அப்பிரதேசத்தில் காந்த ஊசி மெய்வடக்கினின்றும் பெரிதும் விலகி நிற்கும். நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையை அறியலாம். தீர்க்கரேகையை அறியவோ திருத்தமான கடிகாரம் வேண்டும். 4 நிமிஷம் தவறினால் 1 பாகை தவறும்.

நான்ஸென் கடந்த தூரத்தைக் கொண்டு நேரத்தை ஊகித்துக் கடிகாரத்தை மீண்டும் ஓட்டினார். ஜூலை 24-ல் கரை தோன்றியது. எந்தக் கரையென்று தெரிந்திலது. கையிலிருந்த தேசப்படமும் பிழையுடையது. நாய்களை ஒவ்வொன்றாய் இழந்தனர். கல்லாலும் வால்ரஸ் தோலாலும் குடிசை அமைத்து, வெண்கரடிகளை வேட்டையாடி, ஊனை உண்டும் கொழுப்பில் விளக்கெரித்தும் 1896 மே வரை கழித்தனர். வேட்டைத்திறன் உயிரைக் காத்தது. இருக்கும் இடத்தை அதனால் அறியக்கூடவில்லை.

ஜூன் 17-ந் தேதி ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயரைத் தெய்வாதீனமாய்ச் சந்தித்தனர். அவருடைய கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது சுமார் 26 நிமிஷப் பிழை தெரிந்தது. அஃது ஆறரைப் பாகை; அவ்விடத்தில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். இதனை மறையாது தம் நூலிலே வெளியிட்டதே நான்ஸெனின் பெருமை.

இருக்கும் இடம் தெரியாது தவித்த அவரே, 1921 முதல் சர்வதேச சங்கத்தின் சார்பில் நாடிழந்த அகதிகளுக்காக உழைத்தார். நான்ஸென் பாஸ்போர்ட் எனப்பட்ட சீட்டு அவர்களுக்கு வழி திறந்தது. 1922-ல் சமாதானத்துக்குரிய நோபல் பரிசு பெற்று, 1930 மே 13-ல் காலமானார்.

இன்று வேட்டைக்காரர் கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவி நொடியில் இடத்தைக் காட்டுகின்றது. அதற்குச் செய்தி விடுக்கும் செயற்கைக் கோள்களிலும் அணுக் கடிகாரங்களே உள்ளன. மின்கலம் ஓய்ந்தால் அக்கருவியும் ஊமையாகும். ஆதலின் அறிந்தோர் காந்த ஊசியையும் உடன்கொள்வர். நாடோறும் சாவி கொடுத்தல் சிறுகடமையே. அச்சிறுகடமையில் வழுவாதிருப்போமாக, வழுவினால், நான்ஸெனைப்போல் ஒப்புக்கொண்டு திருத்துவோமாக.