மணிக்கோபுரம் எழுப்பிய ஜூலியா மோர்கன் அம்மையார்

நூற்றாண்டு மலருக்குப் பெண்மணி ஒருவரின் வரலாறு வேண்டும் என்றதும் கல்வியாளர், மருத்துவர், சமூக சேவையாளர் எனப் பல பெயர்கள் எம்முன் வந்தன. நாம் தெரிந்தெடுத்தது ஒரு கட்டடக்கலைஞரை. பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு அவர் அமைத்த மணிக்கோபுரமே அதற்குக் காரணம்.

ஜூலியா மோர்கன் 1872 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்து, குடாவின் மறுகரையிலுள்ள ஒக்லண்டில் வளர்ந்தார். கட்டடக்கலையில் நாட்டங் கொண்டிருந்த அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அங்கே அதற்கெனத் துறை இருக்கவில்லை. ஆகவே அதற்குக் கிட்டியதாயிருந்த குடிசார் பொறியியலில் சேர்ந்தார். வகுப்பில் பெரும்பாலும் அவர் ஒருவரே பெண். தூணும் வளையும் எவ்வளவு பாரந் தாங்கும் என்று கணக்கிடும் அந்தப் படிப்பை 1894 இல் முடித்துப் பட்டம் பெற்றார். கிடைக்காத ஒன்றுக்கு ஈடாக எடுத்த பாடந்தான் பின்னர் அவருடைய பெரும் பலமாயிற்று. இன்று எமது நாட்டில் உயர்தரத் தொழினுட்பத் துறையைத் தெரிவுசெய்யும் பிள்ளைகளைச் சற்றுக் குறைவாக மதிக்கும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

அவருக்குக் கற்பித்த பேர்னாட் மேபெக் என்னும் கட்டடக்கலைஞரின் தூண்டுதலால் 1896 இல் பாரிஸ் சென்றார். அங்கிருந்த எக்கோல் தெ போசார் கலைக்கல்லூரி அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. அடுத்த ஆண்டு கதவு திறந்தது. நுழைவுப் பரீட்சையில் முதல் முப்பதின்மருக்கே இடம். அவருக்குக் கிடைத்தது 42 ஆம் இடம். இரண்டாம் முறை, பெண் என்பதாற் பரீட்சகர்கள் வேண்டுமென்றே புள்ளிகளைக் குறைத்தனர் என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். மூன்றாம் முறை, 1898 இல், 13 ஆம் இடத்தில் நின்றார். இனி மறுக்க வழியில்லை. முப்பது வயதானால் வெளியேறவேண்டும் என்பது கல்லூரியின் விதி. அந்த வயது நெருங்கிய வேளையில், 1902 இன் தொடக்கத்தில், கட்டடக்கலைச் சான்றிதழைப் பெற்றார். அங்கே அதைப் பெற்ற முதற் பெண் அவரே.

ஊர் திரும்பியவர் 1904 இல் கலிபோர்னியாவில் கட்டடக்கலைஞராகத் தொழில் செய்ய அனுமதி பெற்ற முதற் பெண்ணானார். அதே ஆண்டில் ஒக்லண்டிலுள்ள மில்ஸ் பெண்கள் கல்லூரிக்கு 72 அடி உயர மணிக்கோபுரத்தைக் கட்டினார். மணிகள் பத்து. அவ்வளவு பாரத்தையும் உயரத்திலே தாங்கும் கோபுரத்தை, இரும்புக் கம்பி வைத்து வார்த்த கொங்கிறீற்றினால் அமைத்தார். அக்காலத்தில் அப்பகுதியிற் பலரும் நம்பத் தயங்கிய புதுமுறை அது.

1906 ஏப்ரில் 18 அதிகாலையிற் பெரும் நிலநடுக்கம் வந்தது. அதைத் தொடர்ந்த தீயினால் சான்பிரான்சிஸ்கோவின் பெரும்பகுதி அழிந்தது. மணிக்கோபுரம் அசையாது நின்றது!

அதன் பின்னர் வேலை அவரைத் தேடி வந்தது. தீயினால் உட்பகுதி சிதைந்த பெயார்மொன்ட் ஹோட்டலை மீளக் கட்டும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. மறு வருடமே ஹோட்டல் திறக்கப்பட்டது. பார்க்க வந்த பத்திரிகை நிருபர், அதுவும் ஒரு பெண், இந்த அம்மையார் சுவருக்கும் திரைக்கும் நிறம் தெரிந்தவர் என்றெண்ணி அலங்காரத்தைப் பற்றி வினவினாராம். அலங்காரம் வேறொருவர் வேலை, தம்முடையது கட்டுமானம் என்று அம்மையார் அமைதியாகத் திருத்தினார். எமக்குச் சிரிப்பும் வந்தது, சற்றுக் கோபமும் வந்தது.

பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்டுக்காக 1919 முதல் 1947 வரை சான் சிமியன் குன்றின்மேற் கட்டிய மாளிகையால் அவர் பெயர் பரவியது. எனினும் நாம் பெரிதும் மதிப்பது இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்துக்காக அவர் கட்டிய இல்லங்களையே. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியொன்றில் சிறு சமையலறைகளும், விருந்தினரோடு இருந்து உண்ணத் தனியறைகளும் வேண்டும் என்றார். சொற்பச் சம்பளக்காரருக்கு இவ்வளவு வசதி எதற்கு என்று நிருவாகத்தினர் தயங்கினர். சொற்பச் சம்பளம் என்பதாலேயே அவை வேண்டும் என்பது அவருடைய வாதம். விடுதியில் வாழ்ந்த எம்மவர் பலருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நீளப் பாவாடையின் உள்ளே காற்சட்டை அணிந்து சாரக்கட்டில் ஏறி, வேலையைத் தாமே பார்வையிடுவார். விளம்பரத்தை வெறுத்தார். எழுநூறு வரையான கட்டடங்களை அமைத்தவர், 1951 இல் அலுவலகத்தை மூடியபோது அங்கிருந்த வரைபடங்களிற் பலவற்றை அழிக்கச் செய்தார். 1957 பெப்ரவரியிற் காலமானார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தனது தங்கப் பதக்கத்தை 2014 இல் அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே. அப்போது அவர் மறைந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மில்ஸ் கல்லூரி 2022 இல் வேறொரு பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. கோபுரம் அதே வளாகத்தில் நிற்கிறது.