கூன் முதுகும் நிமிர்ந்த தாளமும்

விடியுமுன் வீடு வீடாக நாளிதழ் போட்டுவிட்டு வகுப்பிற்கு வருபவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. அதனாலோ என்னவோ, நாளிதழ் விற்ற காசைச் சேர்த்து டிரம் வாங்கிய ஒரு சிறுவனின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது. அவர்தாம் ஜாஸ் இசையுலகின் தலைசிறந்த டிரம் கலைஞர்களுள் ஒருவரான சிக் வெப்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் வில்லியம் ஹென்றி வெப். குழந்தைப் பருவத்திலேயே காசநோய் அவருடைய முதுகெலும்பைத் தாக்கியது. வளர்ச்சி குன்றியது, முதுகு கூனியது. அந்தச் சிறிய உருவத்தால் கோழிக்குஞ்சு என்னும் பொருள்படும் 'சிக்' என்ற பெயர் வந்தது, அதுவே நிலைத்தது. விறைத்த உடம்பு சற்றே இளக வேண்டுமானால் இசைக்கருவி ஒன்று பழகட்டும் என்று மருத்துவர் யோசனை சொன்னாராம். மருந்தாக வந்த இசை, வாழ்வாகவே மாறிவிட்டது.

இளமையிலேயே நியூயார்க் சென்றார். 1926-இல் சொந்தமாக ஓர் இசைக்குழு அமைத்தார். பின்னர் ஹார்லெம் பகுதியிலிருந்த சவாய் நடன அரங்கில் அவருடைய குழு நிலைபெற்றது. கறுப்பரும் வெள்ளையரும் பிரித்து வைக்கப்பட்டிருந்த அக்காலத்தில், இரு சாராரும் ஒரே தளத்தில் ஆடிய அரங்கம் அது. ஆடுவோர் கால்களெல்லாம் டிரம்மின் அடியை நம்பியே அசையும். அடி பிசகினால் ஆட்டமே பிசகும்.

அவ்வளவு பெரிய பொறுப்பை அந்தச் சிறிய உடல் எப்படித் தாங்கியது? கருவிக்கு ஏற்றபடி உடலை மாற்ற இயலாது. ஆகவே உடலுக்கு ஏற்றபடி கருவியை மாற்றிக்கொண்டார். கால் மிதிகளையும் தாளத்தட்டுகளின் தாங்கிகளையும் தமக்கென்றே தனியாகச் செய்வித்தார். உயர்ந்த மேடையில் அமர்ந்து, 28 அங்குலப் பெரிய டிரம்மை முழக்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. குழுவினர் தாளைப் பார்த்து வாசிக்க, இவரோ ஒவ்வொரு பாட்டின் அமைப்பையும் மனத்திலேயே பதித்து வைத்திருந்தார். இதைப் படித்தபோது நான் வெட்கப்பட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாத என் தந்தையைக் கல்லூரிக்கு அழைத்துவரக் கூசியவன் நான். நெல் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் அவருடைய அறிவை, அறிவென்று நான் எண்ணியதே இல்லை.

1937 மே 11 அன்று புகழின் உச்சியிலிருந்த பென்னி குட்மன் குழு, சவாய் அரங்கில் வெப் குழுவோடு போட்டியிட்டது. அரங்கம் நிரம்பி வழிந்தது. வெற்றி வெப் பக்கமே என்று கூடியிருந்தோர் முடிவு கட்டினர். குட்மனின் டிரம் கலைஞரான ஜீன் குரூப்பா தலைவணங்கினார் என்பது வரலாறு.

தாம் உயர்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தாயை இழந்து, ஆதரவின்றி அலைந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் இளம்பெண்ணை முதலில் ஏற்கத் தயங்கினாலும், 1935-இல் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1938-இல் குழந்தைப் பாட்டு ஒன்றைத் தழுவி அவர் பாடிய பாடல் நாடெங்கும் ஒலித்தது. உலகம் போற்றும் பாடகி ஒருவர் உருவானார்.

நோயோ விடவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டே ஊர் ஊராகச் சென்று வாசித்தார் வெப். 1939 ஜூன் 16 அன்று, பிறந்த பால்டிமோரிலேயே ஒரு மருத்துவமனையில் கண்மூடினார். நாற்பது வயதைக்கூட அவர் காணவில்லை. அவருக்குப்பின் அந்தக் குழுவை எல்லாவே தலைமையேற்று 1942 வரை நடத்தினார்.

நண்பர்களே! நம்முள் பலருக்குக் கல்லூரி என்பது நம் உயரத்திற்குச் செய்யப்படாத கருவிதான். நூல்களின் மொழியும் புதிது, வழக்கங்களும் புதியவை. எட்டவில்லை என்று எழுந்து போய்விடாமல், எட்டும்படி அமைத்துக்கொள்ளலாம் என்று வெப்பின் வாழ்வு எனக்குக் காட்டியது.

வரும் கல்லூரி நாள் விழாவிற்கு என் தந்தையை அழைத்து வருவேன்.