மலையின் வளைவைப் படித்த ஆசிரியர்

கிழக்கிலிருந்து நீண்டுவரும் இமயமலைத் தொடர், 8,126 மீட்டர் உயரமுள்ள நங்கா பர்வதத்தின் அருகே சட்டென்று தெற்கே திரும்புகிறது. ஏன் இந்தத் திருப்பம்? இதற்கு விடை சொன்னவர் ஒரு கல்லூரி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் பெயர் தாராஷா நௌஷெர்வான் வாடியா.

1883-இல் சூரத்தில் பிறந்த வாடியா, பரோடா கல்லூரியில் பயின்று 1906-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஜம்முவில் ஆசிரியப் பணி கிடைத்தது. விடுமுறை வந்தால் போதும், பக்கத்து மலைகளுக்குப் புறப்பட்டுவிடுவார். மாணவர்களுக்காக அவர் எழுதிய இந்திய நிலவியல் நூல் 1919-இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது.

பதினான்கு ஆண்டுகள் கற்பித்த பிறகே, 1921-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். நங்கா பர்வதத்தின் இருபுறமும் ஒரே வகைப் பாறை அடுக்குகள் தொடர்ந்து வளைந்து செல்வதைக் கண்டார். அப்படியானால் அவை இரண்டு தொடர்கள் அல்ல; வளைந்த ஒரே தொடர்தான். பஞ்சாப் சமவெளிக்கு அடியில், பழமையான கடும்பாறை நாக்குபோல வடக்கே நீண்டிருக்கிறது. மடிந்து எழுந்த பாறைகள் அதில் தடைபட்டு, அதைச் சுற்றி வளைந்தன என்று 1931-இல் விளக்கினார். மேசைவிரிப்பை ஒரு கிண்ணத்தை நோக்கித் தள்ளிப் பாருங்கள். மடிப்புகள் கிண்ணத்தைச் சுற்றிக்கொள்ளும்.

கண்டத்தட்டுக் கோட்பாடு நிலைபெற இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது!

1938-இல் இலங்கை அரசின் கனிமவியலாளரானார். கரையோரச் சமவெளியிலிருந்து மத்திய மலைநாடு வரை படிப்படியாக உயரும் அந்நாட்டின் நிலத்தை ஆராய்ந்து, நிலத்துண்டுகள் மேலெழுந்ததே அதற்குக் காரணம் என்றார். 1957-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1969-இல் மறைந்தார். டேராடூனில் உள்ள இமயமலை ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கும் ஒரு மலைத்தொடர் உண்டு. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரு நிலத்துண்டுகள் மோதியதன் விளைவு தித்திவங்சா. அவை இணைந்த தடம் பெந்தோங், ராவுப் வழியாகச் செல்கிறது. காராக் நெடுஞ்சாலையில் பயணிக்கும் நாம் அதைத் தேர்வுக்கான ஒரு வரியாக மட்டும் மனப்பாடம் செய்தால் போதுமா? வாடியாவுக்குப் பாடப்புத்தகம் முடிந்த இடத்தில்தான் படிப்பு தொடங்கியது.