பதவி இழந்த பெரியார் சுரேந்திரநாத் பானர்ஜி

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பர் நம்மவர். அவ்வுத்தியோகத்தை இளமையிலேயே இழந்தும் உயர்ந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1848ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த சுரேந்திரநாத் பானர்ஜி, 1869இல் இலண்டனிலே இந்திய சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தினார். வயதுக் கணக்கில் ஐயங்கொண்ட ஆணையாளர் அவர் பெயரை நீக்கினர். முடிந்த வயதை விடுத்து நடப்பு வயதைச் சொல்லும் கீழைநாட்டு வழக்கே அவ்வையத்துக்குக் காரணம். சுரேந்திரநாதர் இங்கிலாந்து மன்றிலே வழக்கிட்டார். மன்று செவிசாய்த்தது, பெயர் மீண்டுஞ் சேர்க்கப்பட்டது.

1871இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள சில்ஹெட்டில், உதவி நீதவானாக அமர்ந்தார். அங்கே களவு வழக்கொன்றின் எதிரி, தலைமறைவாகாதிருந்தும், தலைமறைவானோர் பட்டியலிற் பதியப்பட்டார். அத்தாளில் இருந்தது சுரேந்திரநாதரின் கையொப்பம். வேறு பல தாள்களோடு படியாமல் ஒப்பமிட்டதாக அவர் விளக்கினார். கவனக்குறைவு பிழையே, அதனை நாம் மறைக்கவில்லை. அரசாங்கமோ அதனை நேர்மையீனம் எனக் கொண்டது. குற்றஞ்சாட்டியதும், விசாரணைக் குழுவை நியமித்ததும், 1874இற் பதவி நீக்கியதும் அவ்வரசாங்கமே. அதற்கும் அவருக்கும் இடையே நடுநிலையான மன்று ஒன்றும் இருந்திலது. இலண்டன் சென்று முறையிட்டும் பயன் விளைந்திலது. நீக்கப்பட்டவர் என்பதனால் பாரிஸ்டர் ஆகும் வாயிலும் அடைக்கப்பட்டது.

1875இல் வெறுங்கையோடு மீண்டவரை, ஈசுவர சந்திர வித்தியாசாகரர் தம் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக அமர்த்தினார். 1876இல் இந்திய சங்கத்தை நிறுவுவதில் சுரேந்திரநாதர் முன்னின்றார். சிவில் சேவைப் பரீட்சைக்குரிய வயதெல்லை 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டபோது, நாடெங்கும் சென்று கிளர்ச்சி செய்தார். அவர் வளர்த்த ரிப்பன் கல்லூரி இன்று அவர் பெயராலேயே விளங்குகின்றது. 1895இலும் 1902இலும் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1921இல், தம்மை நீக்கிய அதே ஆட்சியின் கீழ், வங்காளத்தில் அமைச்சரானார். 1925இல் மறைந்தார்.

அநீதி அவரைப் பெரியவராக்கியது என மகிழ்தல் தகாது. வித்தியாசாகரர் போல் ஒருவர் கைகொடாதவிடத்து எத்தனையோ பேர் பெயரின்றி அழிந்திருப்பர். நம் கலாசாலையிற் பயின்றோர் பலர், பிறர் பிழையை விசாரிக்கும் ஆசனங்களில் அமர்கின்றனர். ஒப்பமிடுமுன் தாளைப் படித்தலும், தீர்ப்பிடுமுன் எதிர்நிற்பவன் சொல்லை நடுநின்று கேட்டலும் அவர்தம் கடனாகும்.