லயனல் வென்ட்: நாளாந்த வாழ்வைப் படமாக்கிய கலைஞர்

இலங்கையைப் பற்றிய பழைய சலனப்படங்களுள் 1934ஆம் ஆண்டின் ‘சோங் ஒவ் சிலோன்’ தனிச்சிறப்பு வாய்ந்தது. ஏறத்தாழ நாற்பது நிமிடமே ஓடும் அப்படத்திலே அரசர் இல்லை, ஆளுநர் இல்லை. மலையேறும் யாத்திரிகரும், வலை வீசும் மீனவரும், தென்னை ஏறும் தொழிலாளியும், கொழுந்து பறிக்கும் பெண்களுமே அதன் நாயகர். அவர்களுடைய உருவங்களின் மேலே ஒரு குரல் பழைய ஆங்கில வசனத்தை நிதானமாகப் படித்துச் செல்கின்றது. அக்குரலுக்குரியவர் லயனல் வென்ட். அதனைக் கேட்ட பின்னரே அவருடைய நிழற்படங்களை நான் தேடிப் பார்க்கலானேன். அவருடைய வாழ்க்கையை அறியும் ஆவலும் அதனோடு எழுந்தது.

வென்ட் 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். தாயார் சிங்களக் குடும்பத்தவர். தந்தையாருக்கு நிழற்படக் கலையில் ஈடுபாடு இருந்தது. ஆயினும் மகனை முதலில் ஆட்கொண்டது இசையே. சட்டம் பயில இங்கிலாந்து சென்ற அவ்விளைஞர், சட்டத்தோடு பியானோவையும் லண்டனிலே முறையாகக் கற்றார். 1924இல் தாயகம் திரும்பியவர் சட்டத்தொழிலில் நெடுநாள் நிலைக்கவில்லை. பியானோக் கலைஞராகவும் கலை விமர்சகராகவும் கொழும்பு அவரை அறிந்தது. 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்த கவிஞர் பப்லோ நெருடாவின் நண்பர் வட்டத்திலும் அவர் இருந்தார்.

1930களின் தொடக்கத்தில் கமரா அவருடைய கையை வந்தடைந்தது. அதன் பின்னர் அவருக்கு எஞ்சியிருந்தவை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே. அக்காலத்துக்குள் அவர் செய்தது வியப்பூட்டுவது. கரையிலே தோணி இழுப்போர், வயலிலே நிற்போர், கண்டிய நடனக்காரர், மர நிழலில் இளைப்பாறுவோர், குழந்தையை ஏந்திய தாய்மார் ஆகியோர் அவருடைய படங்களிலே வாழ்கின்றனர். இருட்டறையின் நுட்பங்கள் பலவற்றையும் சோதித்துப் பார்த்தவர் அவர். எனினும் என் மனத்தைக் கவர்வன அவருடைய எளிய படங்களே. ஏழையின் உடலை இரங்கத்தக்க பொருளாகக் காட்டாமல், உழைப்பினால் திரண்ட அழகாக அவர் கண்டார்.

‘சோங் ஒவ் சிலோன்’ படத்தை நெறிப்படுத்தியவர் பசில் ரைட். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். செலவை ஏற்றது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. ரைட்டுக்கு இந்நாட்டைக் காட்டிக் கொடுத்த துணைவராக வென்ட் அமைந்தார். படத்தில் அவர் படிக்கும் வசனம் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டது. கண்டியரசனின் நாட்டிலே 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த நொக்ஸ், 1679இல் அருவியாற்றின் வழியே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பூநகரியிலிருந்து மன்னார் நோக்கிச் சென்று, மேலும் தெற்கே கரையோரமாகப் பயணஞ்செய்வோர் அக்கோட்டையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ஆதலால் அந்நூலின் வசனம் என் செவிக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

படத்தின் மூன்றாம் பகுதி குறிப்பிடத்தக்கது. திரையிலே தொழிலாளர் உழைக்கின்றனர். பின்னணியிலே வாணிகரின் விலைக் கணக்குகள் ஒலிக்கின்றன. கொழுந்து பறிப்போர் யாரென்று நாம் அறிவோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர். தேயிலை விற்பதற்காக அவர்களுடைய முகம் உலகுக்குக் காட்டப்பட்டது. 14 ஆண்டுகள் கழித்து, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் இந்நாட்டின் வாழ்வோடு கலந்தவர் என்பதற்கு அச்சலனப்படமே ஒரு சாட்சி.

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வென்டின் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடி ‘43 குழு’வை அமைத்தனர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலியோர் அதில் இருந்தனர். இலங்கையின் நவீன ஓவியத்துக்கு வழி திறந்த குழு அது. அடுத்த ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள், தம் 44ஆவது வயதிலே, வென்ட் காலமானார். அவர் மறைந்த பின்னர் நெகற்றிவ் எனப்படும் மூலப்பிரதிகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்களே. அவற்றைக் கொண்டு நண்பர்கள் 1950இல் ஒரு நூலை வெளியிட்டனர். அவர் வாழ்ந்த மனை இருந்த இடத்திலே 1953 முதல் அவர் பெயரால் ஓர் அரங்கம் இயங்கி வருகின்றது.

இதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1935இல் தொடங்கிய அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் டொரத்தியா லாங், வோக்கர் எவன்ஸ் முதலியோர் வறிய உழவரையும் ஊர் விட்டு அலைந்தோரையும் படம் பிடித்தனர். 1,70,000க்கும் மேற்பட்ட அந்த மூலப்பிரதிகள் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்திலே பேணப்படுகின்றன. ஆயினும் அங்கும் ஒரு குறை உண்டு. 1936இல் லாங் எடுத்த, உலகறிந்த ஏழைத் தாயின் படத்திலே அப்பெண்ணின் பெயர் இல்லை. அது வெளியுலகுக்குத் தெரிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. வென்டின் படங்களிலே தோணி இழுப்போருள்ளும் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. முகம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

பூநகரியில் இருப்போருக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2008இன் பிற்பகுதியில் இவ்வூரார் கிழக்கே பெயர்ந்தனர். 2009 மே மாதம் வரை இடத்துக்கு இடம் ஓடினர். கிடுகு வீடும், மொட்டைக்கறுப்பன் விளைந்த வயலும், 2011இல் பாலம் திறக்கப்படுமுன் சங்குப்பிட்டியிலே மக்களை ஏற்றிச் சென்ற பாதையும் எத்தனையோ வீட்டு அல்பங்களிலே இருந்தன. அவற்றுட் பல பதுங்குகுழிகளிலும் தெருவோரங்களிலும் அழிந்தன. எங்கள் குடும்பத்துக்கு எஞ்சியது ஒரே ஒரு கலியாணப் படம். கனடாவிலிருந்த உறவினருக்கு முன்னரே அதன் பிரதியை அனுப்பியிருந்தமையால் அது தப்பியது. வென்டின் படங்கள் தப்பியதும் இவ்வாறே: கையிலிருந்த மூலம் அழிந்தது, பிறரிடம் போன பிரதி பிழைத்தது.

அந்தக் கலியாணப் படத்திலே பதினேழு பேர் நிற்கின்றனர். அவர்களுள் பதினொருவரை மாத்திரமே என்னாலே பெயர் சொல்ல முடிகின்றது. மற்றவரை அறிந்த முதியவர் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கின்றார். பார்வை மங்கி வருகின்றது. வாசகர்தம் வீட்டிலும் இத்தகைய படமொன்று இருக்கக்கூடும். அதன் பின்புறத்திலே பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுவதற்கு ஒரு பென்சில் போதும். ஆனால் அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் விடைபெற்று வருகின்றனர்.