டார்வினின் ஒன்றரை மணி நேரம்



எனக்கு வீசிங் இருப்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில்தான் அது ரொம்பப் படுத்தும். ஆனால் பரீட்சை வந்துவிட்டால், நாலு மணிக்கு எழுந்து படி என்றுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நானும் எழுந்து உட்காருவேன். மூச்சும் வராது, கணக்கும் வராது. நான் சோம்பேறியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சார்லஸ் டார்வினின் வாழ்க்கையைப் படித்தேன். அறிவியல் புத்தகத்தில் பரிணாமப் பாடத்தில் வெள்ளைத் தாடியோடு இருப்பாரே, அவரேதான்.

1809 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். 22 வயதில் பீகிள் கப்பலில் ஏறி, கிட்டத்தட்ட ஐந்து வருடம் உலகத்தைச் சுற்றினார். அப்போது மலை ஏறினார், குதிரையில் நாள்கணக்காகப் போனார். 1836-ல் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகுதான் உடம்பு கெட்டுப்போனது. வாந்தி, தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு. அது என்ன நோய் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரே முடிவு இல்லை. 1842-ல் லண்டனை விட்டு டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். மீதி நாற்பது வருடமும் அங்கேதான்.

அந்த வீட்டில் அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். காலையில் சின்ன நடை. ஏழே முக்காலுக்குத் தனியாகச் சாப்பாடு. எட்டு மணிக்குப் படிப்பறைக்குள் போய்விடுவார். எட்டிலிருந்து ஒன்பதரை வரைதான் தனக்கு நல்லா வேலை ஓடும் நேரம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒன்பதரைக்கு சோபாவில் படுத்துக்கொள்வார், வீட்டுக் கடிதங்களை யாராவது வாசித்துக் காட்டுவாங்க. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடி வேலை. அவ்வளவுதான், அன்றைக்கு முக்கியமான வேலை முடிந்தது! மழையோ வெயிலோ, தோட்டத்து மணல் பாதையில் நாயோடு நடக்கப் போய்விடுவார்.

செய்தித்தாள், பதில் கடிதம் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். மூன்று மணிக்கு ஓய்வு, மனைவி எம்மா கதை வாசிப்பார். சாயங்காலம் நாலரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேலை. கூட்டிப் பார்த்தேன், மொத்தமே நாலு மணி நேரம்! ராத்திரி எம்மாவோடு பேக்கமன் ஆடுவார். நம்ம தாயம் மாதிரி பகடை உருட்டிக் காய் நகர்த்துகிற ஆட்டம். அதற்கும் கணக்கு வைத்திருந்தார். 1876 வரை எம்மா ஜெயித்தது 2,490, இவர் ஜெயித்தது 2,795. இதை ஒரு விஞ்ஞானிக்குக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார்.

கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சின்ன உயிரியை மட்டும் எட்டு வருடம் ஆராய்ந்தார். அதில் சுமார் இரண்டு வருடம் நோயிலேயே போயிற்று. 1858 ஜூனில் வாலஸ் என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. இவர் இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருந்த அதே கருத்தை அவரும் எழுதியிருந்தார். அதே மாதம் டார்வினின் கைக்குழந்தையும் இறந்துபோனது. அப்படியும், சில நாள் எழுதவே முடியாமல் படுத்துக் கிடந்தும், உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தை எழுதி முடித்தார். 1859 நவம்பர் 24-ல் அது வெளிவந்தது. கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றி, 1881-ல். அடுத்த வருடம் ஏப்ரல் 19-ல் காலமானார்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா பணக்கார டாக்டர். வீட்டில் வேலைக்காரர்கள் இருந்தாங்க. எட்டு மணிக்கு அவரை யாரும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டவில்லை. நமக்கு அந்த வசதி கிடையாது.

நான் ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தேன். எனக்கு மூச்சு லேசாக இருந்து கணக்கு ஓடுவது சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை. அதனால் கணக்கை அங்கே மாற்றிவிட்டேன். படம் வரைவது, ரெக்கார்டு எழுதுவது காலையில். அம்மா சரி என்று சொல்லிட்டாங்க. பாட்டியின் சீரியல்தான் ஏழரைக்கு வருகிறது. இப்போதைக்கு சத்தத்தைக் குறைத்து வைக்கச் சம்மதித்திருக்காங்க.